ஹனீபா பாயின் சர்க்கரை நோட்டு

மேற்குத் தாம்பரத்தில் நான் பத்தொன்பது வருடம் வேலை பார்த்த சர்க்கரை நோய் கிளினிக்குக்கு இது வெள்ளி விழா ஆண்டு. விழா மலர் போடுகிறார்கள். இப்போது அங்கே மூத்த நர்ஸாக இருக்கும் கலைவாணி போன் செய்தாள். "அக்கா, பெரிய டாக்டரைப் பத்தி நீங்க எழுதாம மலரா? அப்படியே மறக்க முடியாத ஒரு பேஷன்ட் பத்தியும் எழுதுங்க. அரைப் பக்கம் போதும்."

எழுதிக் கொடுத்தேன். டாக்டரின் திறமை, நேரம் தவறாமை, அவர் என்னைப் போன்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. எல்லாம் உண்மை. மறக்க முடியாத பேஷன்ட் என்று, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து நல்லபடியாகப் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணைப் பற்றி நாலு வரி எழுதினேன். அந்தப் பெண்ணின் பெயரைக் கலைவாணியிடம் கேட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. பெயர்கூட எனக்கு மறந்துபோன ஒருத்தியைத்தான் மறக்க முடியாதவள் என்று எழுதியிருக்கிறேன். நிஜத்தில் மறக்க முடியாதவர் வேறொருவர். மலரில் அவருக்கு இடமிருக்காது. டாக்டருக்குப் பிடிக்காது என்பது ஒரு காரணம். அவர் கதையில் நான் நல்லவளாக இல்லை என்பது இன்னொரு காரணம்.

என் பெயர் எஸ்தர். சிட்லபாக்கத்தில் இருக்கிறேன். நர்ஸிங் படித்ததும், மிஷன் ஆஸ்பத்திரி வார்டுகளில் பன்னிரண்டு வருடம் பெட்பேன் தூக்கியதும் இந்தக் கதைக்கு வேண்டாம். சர்க்கரை கிளினிக்கில் சேர்ந்த முதல் வாரம் நடந்ததை மட்டும் சொல்கிறேன். டாக்டர் என் கையில் ஒரு சிரிஞ்சைக் கொடுத்தார். உள்ளே வெறும் உப்புத் தண்ணீர். "போட்டுக்கங்க, சிஸ்டர்," என்றார். எனக்குப் புரியவில்லை. "நாளைக்கு ஒருத்தருக்கு, 'வலிக்காது, நீங்களே போட்டுக்கங்க'ன்னு சொல்லப் போறீங்க. வலிக்குமா வலிக்காதான்னு தெரியாம எப்படிச் சொல்லுவீங்க?" தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, சதையைக் கிள்ளிப் பிடித்து, என் வயிற்றில் நானே குத்திக்கொண்டேன். வலித்தது. கொஞ்சம்தான்.

அவர் அப்படிப்பட்டவர். முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டுத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, மீன் விற்கிற அம்மாவின் வெடித்த பாதத்தைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு விரல் விரலாகப் பிரித்துப் பார்ப்பார். காலில் முள் குத்தியதை மறைத்தவர்களைத் திட்டுவார். திட்டிக்கொண்டே தன் கையாலேயே மருந்து கட்டுவார். அதே மனிதர் மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டால், வந்தவர் முகத்தைப் பார்க்க மாட்டார். ஃபைலைத்தான் பார்ப்பார். சிவப்பு மை பேனாவால் எண்ணைச் சுற்றி வட்டம் போடுவார். "நம்பர் பொய் சொல்லாது," என்பார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரை எண் ஏழுக்குள் இருந்தால் நல்ல மனிதர். ஒன்பதைத் தாண்டினால் வாயைக் கட்டத் தெரியாதவர். பத்தொன்பது வருடம் கூடவே நின்றதில் எனக்கும் அதுவே பார்வையாகிவிட்டது. கதவைத் திறந்து வருகிறவரைப் பார்க்கும்போதே அவருடைய எண்தான் நினைவுக்கு வரும்.

ஹனீபா பாய் ஆறு புள்ளி எட்டு.

முடிச்சூரில் வீடு. எடை மெஷின், தராசு ரிப்பேர் பார்ப்பவர். தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து வண்டலூர் வரை, காய்கறிக் கடை, நகைக்கடை, பழைய பேப்பர் கடை என்று எல்லாத் தராசும் அவர் கைபட்டவை. கிளினிக்குக்கு முதல் முறை வந்தபோது எடை மெஷின்மேல் ஏறி நின்றவர், இறங்கி, பையிலிருந்து ஒரு படிக்கல்லை எடுத்து வைத்துப் பார்த்தார்.

"சிஸ்டர், உங்க மெஷினு நானூறு கிராம் ஜாஸ்தி காட்டிகினு கீது. இத்தினி நாளா எல்லாரையும் குண்டுன்னு திட்டிகினு இருந்தீங்களா?"

நான் சிரித்துவிட்டேன். அன்றைக்கே சரிசெய்து கொடுத்தார். அதன் பிறகு வருடம் ஒரு தடவை, யாரும் கூப்பிடாமலே வந்து சரிபார்த்துவிட்டுப் போவார்.

இன்சுலின் போட அவருக்கும் அவர் மனைவி கதீஜாவுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கலங்கலான மருந்து. குலுக்கக் கூடாது, குலுக்கினால் நுரைக்கும். புட்டியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, சப்பாத்திக்கு மாவு உருட்டுவது போல மெதுவாகப் பத்துத் தடவை உருட்ட வேண்டும். எத்தனை யூனிட் மருந்தோ அத்தனை யூனிட் காற்றை முதலில் உள்ளே விட வேண்டும். பிறகு தலைகீழாகப் பிடித்து இழுக்க வேண்டும். குமிழி இருந்தால் விரலால் தட்டி மேலே ஏற்றி வெளியேற்ற வேண்டும். நேற்றுப் போட்ட இடத்தில் இன்று போடக் கூடாது. பாய் ஒருமுறை கேட்டதுமே செய்துகாட்டினார். கோட்டுக்கு ஒரு மயிரிழை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகாது. கதீஜாதான் பயந்தார். "நான் உருட்டித் தர்றேன், அவரு போட்டுக்கட்டும்," என்றார். அப்படித்தான் ஒன்பது வருடம் நடந்தது. கதீஜா உருட்டுவார், பாய் போட்டுக்கொள்வார். வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் சின்ன மெஷினில் காலையும் மாலையும் பார்த்து, ஒரு நீலநிற நோட்டில் பொடி எழுத்தில் எழுதிக்கொண்டு வருவார். "இந்த நோட்டை எல்லாரும் பாருங்க," என்று டாக்டர் அதை மற்றவர்களிடம் காட்டியதுண்டு.

அப்புறம் கொரோனா வந்தது. முதல் அலையில் கிளினிக்கை மூடிவிட்டுப் போனில்தான் பேசினோம். அந்த நாட்களில் தொலைக்காட்சியைத் திறந்தால் ஒரே பேச்சு: சர்க்கரை உள்ளவர்கள் ஜாக்கிரதை, சர்க்கரை உள்ளவர்களுக்குத்தான் ஆபத்து. நாங்களும் அதையேதான் போனில் சொன்னோம். நானே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! "உங்களுக்குச் சுகர் இருக்கு, வந்தா தாங்க மாட்டீங்க, வெளியில போகாதீங்க." நல்லதுக்குத்தான் சொன்னேன். அதைக் கேட்டவர்கள் ஒவ்வொரு நாளும் தங்கள் சாவைத் தாங்களே எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. யாரும் நினைக்கவில்லை.

இரண்டாம் அலையில் பாய் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல். அவருக்குச் சர்க்கரை என்பதால் வீடே அவருக்காக ஓடியது. மகள் ரெஹானா, மருமகன், மச்சினன் என்று எல்லோரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு படுக்கை தேடினார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கை கிடைத்தது. அவரைச் சேர்த்தார்கள். கதீஜாவுக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. லேசான இருமல்தான் என்று வீட்டில் இருந்தார். ஆறாம் நாள் காலை ஆக்சிஜன் இறங்கியது. ஆம்புலன்ஸுக்குள் ஏற்றி ஒரு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே உயிர் போய்விட்டது. அடக்கம் முடிந்து மூன்று நாள் கழித்துத்தான் பாய்க்குச் சொன்னார்கள். கொரோனாவுக்கு ஸ்டீராய்டு போட்டதில், பயந்தது போலவே அவர் சர்க்கரை ஏறியிருந்தது. அதிர்ச்சியில் இன்னும் ஏறிவிடும் என்று மறைத்திருந்தார்கள்.

கிளினிக் மறுபடி நடக்க ஆரம்பித்தபோது கூட்டம் முன்பைவிட இரண்டு மடங்கு. பாதிப்பேர் கட்டுப்பாடு தவறிப்போய் வந்தார்கள். "வீட்ல உட்கார்ந்து நல்லாத் தின்னிருக்காங்க," என்றார் டாக்டர். ஹனீபா பாயும் வந்தார். பத்து புள்ளி ஒன்று. டாக்டர் சிவப்பு வட்டம் போட்டு, யூனிட்டைக் கூட்டி எழுதினார். "பாய், நீங்களே இப்படியா?" என்று மட்டும் கேட்டார். மனைவி போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவரையும் குறை சொல்ல முடியாது. அவருடைய அண்ணனும் அந்த அலையில்தான் போனார். அதைப் பற்றியும் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பிறகு பாய் என்னிடம் பாதப் பரிசோதனைக்கு வந்தார். உயரமான ஸ்டூலில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லுவோம். மெல்லிய நைலான் நரம்பு ஒன்றைப் பாதத்தில் பத்து இடங்களில், அது லேசாக வளைகிற வரை அழுத்த வேண்டும். தொடுவது தெரிந்தால் "தெரியுது" என்று சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு இடத்துக்குத் "தெரியுது, தெரியுது" என்றவர், மூன்றாவது இடத்தில் வேறு ஏதோ சொன்னார்.

"சிஸ்டர், டிவில இன்னா சொன்னான்? சுகர் இருக்கறவனைத்தான் தூக்கும்னான். நீங்களும் அதானே சொன்னீங்க. சுகர் எனக்குத்தானே இருந்துச்சு?"

நான் நரம்பை அழுத்தியபடியே இருந்தேன்.

"பெட்டு எனக்குக் கெடச்சுது. அவளுக்கு ஒண்ணுமே இல்லன்னு வூட்ல வச்சுட்டாங்க. எனக்குச் சுகர் இல்லாம இருந்திருந்தா அவளைத்தானே மொதல்ல பாத்திருப்பாங்க?"

வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள். "அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது பாய். எல்லாம் ஆண்டவர் சித்தம்," என்றேன். அப்புறம், "இப்ப தெரியுதா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "தெரியுது," என்றார்.

நான் கேட்டது காலைப் பற்றி. படிவத்தில் டிக் போட்டேன்.

அன்று மாலை கூட்டம் குறைந்ததும் டாக்டரிடம் போய்ச் சொன்னேன், அதையும் சொல்லிவிட வேண்டும். "சார், ஹனீபா பாய்க்கு மனசு சரியில்லன்னு நினைக்கிறேன். யாராவது மனநல டாக்டரைப் பார்க்கச் சொல்லலாமா?"

அவர் பேனாவை மூடினார். "மனசு சரியில்லாதவன் இந்த ஊர்ல யாரு சிஸ்டர்? உங்களுக்குச் சரியா இருக்கா? எனக்குச் சரியா இருக்கா? சுகரை இறக்குங்க. மனசு தானா சரியாகும்."

நான் சரி என்று வந்துவிட்டேன். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். டாக்டரிடம் கேட்காமலே ரெஹானாவுக்கு ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை.

மூன்று மாதம் கழித்து அவர் வந்தபோது நீல நோட்டு கையில் இருந்தது. காலை 118, மாலை 126. அடுத்த நாள் 121, 130. பக்கம் பக்கமாக அழகான எண்கள். ஆனால் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை பதின்மூன்று. டாக்டர் நோட்டையும் ரிப்போர்ட்டையும் மாறிமாறிப் பார்த்தார். "லேப்ல ஏதாவது தப்பா? இவர் மெஷினைச் செக் பண்ணுங்க, சிஸ்டர்."

மெஷினைப் பாய் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்த மெஷின்கள் பார்த்த ஒவ்வொரு எண்ணையும் தேதியோடு நினைவில் வைத்திருக்கும். இது அவருக்கும் தெரியும், மெஷின்களோடே வாழ்ந்தவர் அவர். கொடுக்கும்போது என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு வேண்டுகோள் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்கு அது தெரியவில்லை. பட்டனை அழுத்தினேன். கடைசியாகப் பதிவான எண், வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்ததற்கு முந்தின நாளுடையது. அதற்குப் பின் ஒன்றுமே இல்லை.

டாக்டரின் அறையில் அடுத்து வருகிற இரண்டு மூன்று பேரையும் உள்ளேயே பெஞ்சில் உட்கார வைப்பது வழக்கம். அன்றும் மூன்று பேர் இருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. கண்டுபிடித்துவிட்ட பெருமை என்று நினைக்கிறேன். "சார், இதுல ஒண்ணுமே இல்ல. இவர் டெஸ்ட்டே பண்ணல. நோட்டுல இருக்கறதெல்லாம் சும்மா எழுதினது."

டாக்டர் நோட்டை மேஜைமேல் தூக்கிப் போட்டார்.

"ஊர்ல இருக்கற தராசையெல்லாம் சரிபார்க்கற ஆளு! உங்க நோட்டே கள்ள எடையா இருக்கே, பாய்!"

பெஞ்சில் இருந்த ஒருவர் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை, திட்டு தனக்கு விழவில்லை என்கிற சிரிப்பு. பாய் நோட்டை எடுத்தார். மேஜைமேல் மடங்கிக் கிடந்த அதன் மூலையை விரலால் நீவிச் சரிசெய்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "தப்புதான் டாக்டர்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மருந்துச் சீட்டை வாங்கவில்லை. மெஷினைக் கேட்கவில்லை. அவர் ஃபைலில் நான் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை எழுதினேன். சொன்னதைக் கேட்காதவர் என்று பொருள். என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

ஐந்து மாதம் வரவில்லை. நாங்களும் தேடவில்லை. பிறகு ஒரு நாள் ரெஹானாவும் மருமகனும் ஆட்டோவிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது பாதத்தைச் சுற்றி ஒரு பழைய லுங்கித் துணி. கூடத்துக்குள் நுழையும்போதே வாடை தெரிந்தது. டாக்டர் மேஜையை விட்டு ஓடி வந்தார். மண்டியிட்டார். துணியைப் பிரித்தார். பாதத்தைத் தன் தொடைமேல் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு, "ஏன் பாய் வரல? என்கிட்ட ஏன் வரல?" என்று கேட்டார். அவர் குரல் உடைந்ததை அந்த ஒரு நாள்தான் கேட்டேன். பாய் தன் பாதத்தை, யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ரெஹானா என்னிடம் சொன்னாள். "சிஸ்டர், அத்தா தினமும் ஊசி எடுப்பாரு. நான் பாத்திருக்கேன். புட்டியை உருட்டுவாரு, அம்மா உருட்டற மாதிரியே. கரெக்டா இழுப்பாரு. அப்புறம் வாஷ்பேசின்ல பீச்சிட்டுக் குழாயைத் தொறந்து விட்டுடுவாரு. மருந்து தீந்துகிட்டே இருந்துச்சு, அதனால எங்களுக்குத் தெரியல. ஒரு நாள் பாத்துட்டுக் கேட்டேன். 'எனக்கு எதுக்கும்மா'ன்னாரு. நான் அழுதேன். உங்ககிட்ட சொல்லணும்னு கிளம்பினேன். 'அங்க மட்டும் சொல்லாத, அவங்களுக்கு நான் பொய்காரன்'னாரு."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்தது அவளுக்கு முழுதாகத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஓய்வுபெறப் பத்து மாதம் இருந்தது. யாரையும் கேட்காமல் ஒன்று செய்தேன். ஸ்டூலில் உட்காருகிறவர்களிடம், நரம்பை எடுப்பதற்கு முன், "தூக்கம் வருதா? வீட்ல யார்கூடப் பேசுறீங்க?" என்று கேட்க ஆரம்பித்தேன். பஸ் டிப்போவில் வேலை பார்த்தவர் கேட்டதுமே அழுதார். கேளம்பாக்கத்திலிருந்து வரும் இருபத்தெட்டு வயதுப் பெண், கொரோனாவுக்குப் பிறகு சர்க்கரை வந்தவள், "கண்ணாடி பார்த்து எட்டு மாசம் ஆச்சு அக்கா," என்றாள். இத்தனை வருடம் இதே ஸ்டூல், இதே ஆட்கள். எங்கே வைத்திருந்தார்கள் இதையெல்லாம்? இரண்டு பேரை நானே அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அனுப்பினேன். மூன்றாவது வாரம் டாக்டர் கூப்பிட்டார். "ஃபுட் செக்கப் ஆறு நிமிஷ வேலை. நீங்க இருபது நிமிஷம் எடுக்கறீங்க. வெளியில சத்தம் போடறாங்க. இது கால் பார்க்கற ரூம், சிஸ்டர்." அவர் என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. ஹனீபா பாய் பெயரை நாங்கள் இருவரும் எடுக்கவில்லை. நான் மறுபடி ஆறு நிமிடத்துக்குத் திரும்பினேன். ஓய்வூதியம் இல்லாத தனியார் வேலை, கடைசி மாதங்கள். காரணம் சொல்ல எனக்கும் தெரியும்.

ஓய்வுபெற்ற மறுமாதம் முடிச்சூருக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். செயற்கைக் கால் சுவரோரம் சாய்ந்திருந்தது. ரெஹானா அவரை ஒரு மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப்போய், மாத்திரை கொடுத்துவந்தாள். இப்போது மகள்தான் ஊசி போடுகிறாள். சர்க்கரை எட்டுக்கு இறங்கியிருந்தது. "வாங்க சிஸ்டர்," என்று சாதாரணமாகக் கூப்பிட்டார். டீ வந்தது. நான் ஆரம்பித்தேன்.

"பாய், அன்னிக்கு டாக்டர் ரூம்ல நான் பண்ணினது..."

"நீங்க மெஷினைப் பாத்தீங்க. அதுல இருந்ததைச் சொன்னீங்க. அதுல இன்னா தப்பு?"

"தனியாக் கேட்டிருக்கணும்."

அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். "ஆமா. தனியாக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். சொல்லணும்னுதான் மெஷினைக் கையில குடுத்தேன். வூட்லயே வச்சுட்டு வந்திருக்க முடியாதா?"

மன்னிப்புக் கேட்டேன். "இருக்கட்டும் சிஸ்டர்," என்றார். அழுதேன். அவரே தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். திரும்பி வரும்போது நெஞ்சு லேசாக இருந்தது. அந்த லேசுக்காகவே அடுத்த மாதமும் போனேன். பிஸ்கட், பழம் வாங்கிக்கொண்டு போனேன். அவர் அளவாகப் பேசினார். மூன்றாவது முறையும் போனேன். அன்று அவர் பாதிப் பேச்சில் படுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். களைப்பு என்று நினைத்தேன்.

ரெஹானா பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தாள். பஸ் வருவது தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நல்லவங்க. எங்க மேல அக்கறையாத்தான் வர்றீங்க. ஆனா நீங்க வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்கு அத்தா சாப்பிடறதில்ல. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. அந்த டாக்டரம்மாகிட்ட கேட்டேன். நீங்க வராம இருக்கறதுதான் அவருக்கு நல்லதுன்னாங்க." கொஞ்சம் தயங்கினாள். "இனிமே வராதீங்க, சிஸ்டர்."

சரிம்மா என்றேன். பஸ் ஏறினேன். அவள் நின்று கையசைத்தாள். நானும் அசைத்தேன்.